ஸ்மார்ட் வீட்டுக்கு எந்த முறை? சுவர் பூசும் முன் ஒரு கேள்வி

கேள்வி: மாடியோடு வீடு கட்டுகிறோம், மூன்று ஃபேஸ் இணைப்பு. அடுத்த வாரம் சுவர் வெட்டி பைப் புதைக்கப் போகிறார்கள். லைட், ஃபேன், கீசர் எல்லாம் போனிலிருந்து இயக்க வேண்டும். தனி வயர் இழுப்பதா, கரண்ட் வயரிலேயே சிக்னல் போகும் முறையா, வயர்லெஸ்ஸா?

பதில்: பூச்சுக்கு முன்னால் கேட்டீர்கள், ரொம்ப நல்லது.

கரண்ட் வயர் முறையை முதலில் கழித்துவிடுங்கள். 1975லேயே வந்த எக்ஸ்10 என்ற ஸ்மார்ட் வீட்டு முறை இந்த வகைதான். ஒரு ஃபேஸில் கிளம்பும் சிக்னல் இன்னொரு ஃபேஸுக்குத் தாண்ட தனியாகக் கப்ளர் என்ற இணைப்புக் கருவி வேண்டும். நீங்களோ கீழ்த்தளம், மாடி, ஏசி என்று ஃபேஸ் பிரிப்பீர்கள், இன்வெர்ட்டர் லைன் வேறு தனியாக ஓடும், போதாததற்கு மலிவான எல்இடி பல்பும் சார்ஜரும் அதே வயரில் இரைச்சலைக் கிளப்பும்.

தனி வயர் முறையில் கேஎன்எக்ஸ் என்ற பொதுத் தரம் உறுதியானது, பல கம்பெனிப் பொருள்கள் ஒன்றோடொன்று பேசும். ஆனால் அதில் சுவிட்ச் வெறும் பட்டன்தான், லைட்டை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே பெரும்பாலும் டிபி பாக்ஸில் (வீட்டு வயரெல்லாம் பிரியும் மெயின் பெட்டியில்) இருக்கும், அதனால் ஒவ்வொரு லைட் வயரும் அங்கே போய்ச் சேர வேண்டும். செலவும் அதிகம். அதை புரோகிராம் செய்யத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது வயர்லெஸ். சரி, வயர்லெஸ்தானே என்று வயரிங்கை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லா சுவிட்ச் பாக்ஸிலும் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) இருக்க வேண்டும். பிளக் இருக்கும் போர்டில் எப்படியும் வந்துவிடும், மாடிப்படி டூ-வே சுவிட்சிலும் பாத்ரூம் வாசல் சுவிட்சிலும்தான் விட்டுவிடுவார்கள், கூடவே நின்று பாருங்கள். உள்ளே மாட்யூல் (போனிலிருந்து வரும் கட்டளைப்படி இயக்கும் சின்னக் கருவி) உட்கார ஆழமான பாக்ஸ் வாங்குங்கள். கான்கிரீட் தளம் சிக்னலை நன்றாகக் குறைக்கும், அதனால் மாடிக்கு ஒரு தனிப் பைப்பில் கேட்6 நெட் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை பாயின்ட் வையுங்கள்.

நாலைந்து சுவிட்ச் என்றால் வைஃபை போதும். வீடு முழுக்க என்றால் ஜிக்பீ என்ற இன்னொரு வயர்லெஸ் முறை: சுவிட்சுகளை ரூட்டரோடு இணைக்கும் ஹப் ஒன்று கூடுதலாக வேண்டும், ஆனால் ரூட்டரில் கூட்டம் சேராது, நியூட்ரல் உள்ள சுவிட்சுகளே சிக்னலை அடுத்ததற்குக் கடத்திவிடும். 2,000 வாட் கீசர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் மாட்யூல்தான். அப்புறம் ரூட்டரும் ஹப்பும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.

கடையில் ஒன்று கேளுங்கள்: நெட் இல்லாதபோது சுவரில் இருக்கும் சுவிட்ச் கையால் வேலை செய்யுமா? செய்யாது என்றால் வாங்காதீர்கள். பைப் புதைத்ததும், பூசும் முன், ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.