வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லிவைத்த அப்பா

"கொரோனா ஊரடங்கில் தந்தை இறந்தபோது மகனுக்கு மூன்று வயது, வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லியே வளர்த்துவிட்டோம், உண்மையை எப்போது சொல்லலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றே சொல்லுங்கள் என்பேன். நான் மனநல மருத்துவன் அல்லன். பிஞ்சு மனத்தில் இடியைப் போடச் சொல்கிறேன் என்று கோபிப்பவர்கள், எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிட்டுக் கோபிக்கட்டும்.

2021 மே மாதக் கடைசியில் என் தம்பி இறந்தான். மதுரை தத்தனேரி மின்மயானத்தில், உறையில் பொதிந்த உடலின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் நான்கு பேர் எட்ட நின்றோம். மூன்றாம் வகுப்புப் படித்த அவன் மகளிடம், அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னோம். பந்தலும் ஒப்பாரியும் துக்கம் கேட்க வருவோரும் இல்லாததால், ஊரடங்கே அந்தப் பொய்க்கு வசதியாகிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தையும் அவளை மாடிவீட்டில் விட்டுவிட்டே முடித்தோம்.

ஒவ்வோர் இரவும் அவள் தன் அம்மாவின் போனிலிருந்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள். அணைத்துவைத்த அவனுடைய போன் பீரோவில் துணிகளுக்கடியில் கிடந்தது. எல்லாவற்றிலும் ஒற்றை டிக் மட்டும் நிற்பதை என்னிடம் காட்டி, "பெரியப்பா, அப்பாவுக்கு என் மேல கோவமா?" என்று ஒரு நாள் கேட்டாள். தூங்குகிறார், சாமியிடம் போய்விட்டார் என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், அப்பா இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று அன்றுதான் சொன்னேன்.

அழுவதற்கு முன் அவள் கேட்டது இதுதான்: "கலர் பென்சில் வாங்கப் போனதாலதானே அப்பாவுக்குக் கொரோனா வந்துச்சு?" முழு ஊரடங்குக்கு முன்பு, மே 8, 9 ஆகிய இரண்டு நாள்கள் கடைகளைத் திறக்கவிட்டபோது, அவள் கேட்டாள் என்று அவன் கடைக்குப் போயிருந்தான். நாங்கள் அவளைக் காப்பாற்றுவதாக எண்ணியிருந்த அத்தனை நாளும் அந்தப் பாரத்தை அவள் தனியே சுமந்திருக்கிறாள். அது கிருமியால் வந்த நோய், உன்னால் வந்ததன்று என்பதைப் பல மாதம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கிடையில், "நீதான் அம்மாவுக்குத் தைரியம் சொல்லணும்" என்று எட்டு வயதுக் குழந்தையிடம் போனில் சொன்ன உறவினர்களை என்னால் இன்றும் மன்னிக்க இயலவில்லை.

உங்கள் மகன், ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்பான், மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். சொல்ல நா எழவில்லை என்றால், முதலில் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் ஆலோசகரிடம் பேசுங்கள். 2022 அக்டோபரில்தான் தொடங்கப்பட்டது என்பதால் எங்களுக்கு அந்த உதவி வாய்க்கவில்லை. வகுப்பாசிரியரிடமும் சொல்லிவையுங்கள். அப்பாவின் படத்தை எங்கேனும் ஒளித்துவைத்திருப்பீர்கள். அதை எடுத்து மாட்டும்போது மகனும் உடன் இருக்கட்டும்.