நடக்காத இரவின் ஸ்வார்ட்ஃபிஷ்: கேள்வி பதில்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த அதே காலையில், பிரிட்டிஷ் கடற்படையின் 788ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்கள் (இரட்டை இறக்கை டார்பிடோ விமானங்கள்) டார்பிடோவைச் சுமந்துகொண்டு திருகோணமலை சீனக்குடாவிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானைக்குப் பறந்தன. வழியில் ஜப்பானிய ஜீரோ போர்விமானங்களின் கண்ணில் பட்டன. ஆறும் விழுந்தன.

நம் கற்பனை ஒரே ஒரு இடத்தில் கை வைக்கிறது. ஆறும் முந்தைய இரவே இரத்மலானை போய்ச் சேர்ந்துவிட்டன. 5ஆம் தேதி இரவு ரேடாரோடு எதிரிக் கப்பல்களைத் தேடிக் கிளம்புகின்றன. அந்த விமானத்தின் சிற்றளவு பிளாஸ்டிக் மாதிரியைச் செய்வது பற்றி வந்த கேள்விகள் இவை.

பசைவிரல்: எந்த மாதிரிப் பெட்டி வாங்கலாம் சார்? 1/72 அளவு போதுமா?

மார்க் 1 பெட்டியாக இருக்க வேண்டும், அது முக்கியம். மார்க் 2-இல் ராக்கெட் ஏவுவதற்காகக் கீழ் இறக்கையின் அடிப்புறத்துக்கு உலோகத் தகடு போட்டார்கள். மார்க் 3-இல் சக்கரங்களுக்கு நடுவே ரேடார் குமிழ் தொங்கும். இரண்டுமே நம் இரவுக்குப் பிந்தியவை.

1/48 என்றால் டாமியா நிறுவனத்துடையது, 1/72 என்றால் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சு. நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 13.87 மீட்டர், 1/48-இல் 289 மி.மீ., 1/72-இல் 193 மி.மீ. முதல் இரட்டை இறக்கை விமானம் என்றால் 1/48 எடுங்கள். துளை போடக் கை நுழையும்.

மெட்ராஸ் மேசை: இறக்கைகளுக்கு நடுவே கம்பி கட்டுவதுதான் பயம். எந்த வரிசையில் செய்வது?

பயப்பட வேண்டியது கம்பிக்கு அல்ல, அவசரத்துக்கு. மேல் இறக்கையை ஒட்டுவதற்கு முன்பே எல்லாத் துளைகளையும் போட்டு முடித்துவிட வேண்டும். இதை இன்றைக்குப் பத்து முறை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கைத்துளைப்பானில் 0.3 மி.மீ. முனை. மேல் இறக்கையின் அடிப்புறத்தில் 1 மி.மீ. ஆழம், மறுபக்கம் வராமல். கீழ் இறக்கையில் முழுதாக ஊடுருவ வேண்டும். இரண்டிலும் நேராகக் குத்தாதீர்கள், கம்பி போகும் திசைக்குச் சாய்த்துக் குத்துங்கள். நேர்த்துளையில் சாய்ந்த கம்பி வாயிலேயே மடிந்து நிற்கும். பெயின்ட் அடித்த பின்னும் அந்த முழங்கை தெரியும்.

பிறகு இரண்டு இறக்கைகளுக்கும் தனித்தனியாகப் பெயின்ட், டிகால் (ஒட்டும் சின்னப் படம்), பூச்சு. அது முடிந்ததும் இழைகளை மேல் இறக்கையின் துளைகளில் சூப்பர் க்ளூ வைத்து நட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் இறக்கை தலைகீழாகக் கிடக்கும், இழைகள் நாற்று மாதிரி நிற்கும். இப்போது இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் தூண்கள். இதற்கு சூப்பர் க்ளூ கூடாது, மெதுவாக இறுகும் பிளாஸ்டிக் சிமென்ட். ஃபோம் போர்டில் வெட்டிய தாங்கியில் விமானத்தை உட்காரவைத்து, முன்னாலிருந்து பார்த்து இரண்டு இறக்கைகளையும் சரிசெய்ய அது ஐந்து நிமிடம் அவகாசம் தரும். சூப்பர் க்ளூ ஐந்து விநாடிகூடத் தராது. 24 மணி நேரம் தொடாதீர்கள்.

மறுநாள் உடலை ஒட்டிய உள்கட்டத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கிப் போங்கள். இழையைக் கீழ்த்துளை வழியாக வெளியே இழுத்து, நுனியில் துணி உலர்த்தும் கிளிப்பைத் தொங்கவிடுங்கள். அதன் கனமே இழுவை. துளையில் ஊசி முனையால் ஒரு சொட்டு. காய்ந்ததும் புது பிளேடால் வெட்டி, தேய்த்து, அடிப்புறத்தைத் தொட்டுப் பூசுங்கள். நம் விமானத்தின் அடிப்புறம் கறுப்பு என்பதால் தொட்டுப் பூசிய இடம் தெரியாது. வான்நிற அடிப்புறத்தில் இந்தச் சலுகை கிடையாது.

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் அதன் இணை என்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள். ஒரு பக்கம் முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கையை நிமிர்த்த வேண்டுமானால் எல்லாவற்றையும் அறுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கடல்நாகம்: தையல் நூல் பயன்படுத்தலாமா?

வேண்டாம். பஞ்சு இழை உரோமம் விடும், பெயின்ட் பட்டால் திரி போலாகும்.

சிறகன்: இழை என்ன கனம்? நைலானா, எலாஸ்டிக்கா?

நிஜத்தில் இவை வட்டக் கம்பி அல்ல, காற்றைக் கிழிக்கும்படி தட்டையாக்கிய எஃகு. 1/72-க்கு 0.12 மி.மீ. இழை நிஜத்தில் 8.6 மி.மீ. ஆகும், 1/48-க்கு 0.2 மி.மீ. என்பது 9.6. கண்ணுக்கு இரண்டுமே பொருந்தும். மீன்பிடி நைலான் தொய்ந்தால், எரியும் ஊதுபத்தியை ஒரு செ.மீ. தள்ளிக் காட்டினால் சுருங்கி விறைக்கும். பக்கத்தில் கொண்டுபோனால் அறுந்துவிடும். எலாஸ்டிக் இழைக்கு ஊதுபத்தியே கூடாது. கை தவறிப் பட்டாலும் தாங்கும் என்பது அதன் லாபம். லேசாக இழுத்தால் போதும், இழை நீளுமே என்று இழுத்துக்கொண்டே போகாதீர்கள். டாமியா 1/48-க்குத் தனியாக விற்கும் உலோகத் தகட்டுக் கம்பிகள் தட்டை வடிவத்தில் நிஜத்துக்கு நெருக்கம். ஆனால் தூண் அரை மி.மீ. தவறாக நின்றாலும் அவை வில்லாக வளையும்.

உப்புக்காற்று: என்னென்ன நிறம்?

மேல் இறக்கையின் மேற்புறத்துக்கு எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே (ஹம்ப்ரால் 123), டார்க் ஸ்லேட் கிரே (224). பழைய விமானம் என்று வைத்துக்கொண்டால் கீழ் இறக்கையின் மேற்புறத்துக்கு இதே இரண்டும் ஒரு படி வெளுத்திருக்க வேண்டும்: டார்க் சீ கிரே, லைட் ஸ்லேட் கிரே. மேல் இறக்கையின் நிழல் கீழே விழுவதை ஈடுகட்டச் செய்த ஏற்பாடு அது. நான்கு சாயங்களா இரண்டா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

அடிப்புறமும் உடலின் பக்கங்களும் இரவுக் கறுப்பு. சுத்தக் கறுப்பை அடித்தால் சின்ன மாதிரியில் ஓட்டை மாதிரி தெரியும். டாமியா எக்ஸ்எஃப்-69 நேட்டோ கறுப்பு போதும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், ஈரம் குறைந்த பகலில் அடியுங்கள். டிகாலுக்கு முன் பளபளப்புப் பூச்சு கட்டாயம், இல்லையென்றால் கறுப்பின் மேல் ஒவ்வொரு டிகாலைச் சுற்றியும் வெள்ளி ஓரம் மின்னும்.

மூவண்ணன்: வட்டச் சின்னத்தில் சிவப்பை எடுத்துவிட்டு நீலம்–வெள்ளை போடலாம்தானே? ஜப்பான் சிவப்பு வட்டத்தோடு குழம்புமே. மாற்று வரலாறுதானே!

இதற்குத்தான் காத்திருந்தேன். மாற்று வரலாற்றில் மாற்றும் இடம் ஒன்று. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் வரலாறு. நம் கதை பிரிவது 1942 ஏப்ரல் 4 இரவில். அமெரிக்கர்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்து சிவப்பை எடுத்ததே அந்த ஆண்டு மே மாதம். தென்கிழக்காசியப் படைப்பிரிவுகளின் நீலம்–வெள்ளை அதற்கும் பிந்தியது. அன்று இரத்மலானையில் நின்ற விமானத்துக்கு மேல் இறக்கையில் நீலம்–சிவப்பு பி வகை. உடலில் அகலமான மஞ்சள் வளையத்தோடு ஏ1 வகை. வெள்ளையும் மஞ்சளும் மெலிந்த சி1கூட மே 1942-இல்தான் வருகிறது. வால் பட்டையின் மூன்று நிறங்களும் அதேபோல் சம அகலம். வெள்ளை ஒடுங்கியது பிறகு.

மூவண்ணன்: ஒரு தளபதி தானாகவே யோசித்துச் சிவப்பை அழித்திருக்கக் கூடாதா?

கூடும். ஆனால் அது இரவுத் தாக்குதல், சின்னத்தை யார் பார்ப்பது? இருட்டில் மறைய நினைக்கும் தளபதி வெள்ளையையும் மஞ்சளையும்தான் முதலில் மங்கவைப்பார்; சிவப்பு ஏற்கெனவே மங்கல். சிவப்பை அழித்து வெள்ளையை விடுவது தலைகீழ் வேலை.

வாலாட்டி: மூவண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது சார். உடல் வட்டத்தின் மஞ்சளைக் கறுப்பால் மூடினால்?

இது ஏற்கத்தக்க கற்பனை. அப்படியானால் ஒரே நாளில் தூரிகையால் அடித்ததாகத் தெரிய வேண்டும். டிகாலை முழுதாக ஒட்டி, மஞ்சள் வளையத்தின் மேல் நேட்டோ கறுப்பை விட ஒரு சாயல் கறுத்த பெயின்டைத் தட்டைத் தூரிகையால் இரண்டு கை அடியுங்கள். ஓரம் கச்சிதமாக இருக்க வேண்டாம், அங்கங்கே மஞ்சள் நூலாகத் தெரியட்டும். புதுப் பூச்சு பழையதை விடச் சற்று மினுங்கும், அதை மேட் பூச்சால் கொன்றுவிடாதீர்கள்.

மூவண்ணன்: அப்போ 1943 கதை செய்தால் நீலம்–வெள்ளை சரியா?

சரி. ஆனால் அது வேறு விமானம், மார்க் 2. இந்த வழக்கு முடிந்தது.

நூலகம்: கம்பிக்கு எந்த நூல் நல்லது சார்?

சிறகனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அலைவரிசை: ரேடார் ஆன்டெனா எப்படிச் செய்வது?

ஏஎஸ்வி மார்க் 2 என்ற, கப்பல் தேடும் விமான ரேடார் ஏறத்தாழ 1.7 மீட்டர் அலைநீளத்தில் வேலை செய்தது. எனவே அரை அலைக் குச்சி ஒன்று சுமார் 85 செ.மீ. 1/48-இல் 18 மி.மீ., 1/72-இல் 12. இறக்கைத் தூண்களில் பக்கத்துக்கு ஒன்றாக யாகி ஆன்டெனாச் சட்டம் (குறுக்குக் குச்சிகள் வரிசையாக நிற்பது). குச்சிகளுக்கு மின்வயருக்குள் இருக்கும் செம்பு இழையே போதும், அதன் கனம் பெரும்பாலும் 0.2 மி.மீ.தான். கண்ணாடித் தகட்டில் வைத்து இன்னொரு தகட்டால் உருட்டினால் நேராகிவிடும். கம்பி கட்டி முடித்த பிறகே இதை ஒட்டுங்கள். முன்பே ஒட்டினால் கிளிப் இடித்து உடையும்.

குண்டுமணி: டார்பிடோவின் மூக்கோடு இணையும் கம்பிச் சுருள் வேண்டுமா?

வேண்டாம். அது 1940-இல் இத்தாலியின் டரான்டோவைத் தாக்கியபோது, ஆழமற்ற துறைமுகத்தில் டார்பிடோ மூக்குக் குப்புறப் போகாமல் இருக்கச் செய்தது. நமக்குத் திறந்த கடல். பெட்டியின் டார்பிடோவை அளந்து பாருங்கள்: 1/48-இல் நீளம் 103 மி.மீ., விட்டம் 9.4-ஐ ஒட்டி வர வேண்டும். வேறு பெட்டியிலிருந்து எடுத்தவை இதில் மாட்டிக்கொள்ளும்.

மடிப்பு: இறக்கையை மடித்து வைக்கலாமா?

ஏர்ஃபிக்ஸ் 1/72-இல் வழி இருக்கிறது. மடித்தால் அகலம் 73 மி.மீ. ஆனால் தாக்குதலுக்குக் கிளம்பும் காட்சி என்றால் விரித்துத்தான் வைக்க வேண்டும்.

எண்கணிதம்: தொடர் எண் டபிள்யூ5984 போட்டேன், சரியா?

அது ஜெர்மன் கப்பல்களைத் தாக்கிய ஸ்வார்ட்ஃபிஷ் படைப்பிரிவின் தலைவர் எஸ்மொண்டின் விமானம். 1942 பிப்ரவரி 12-இல் ஆங்கிலக் கால்வாயில் விழுந்துவிட்டது. ஏப்ரலில் இரத்மலானைக்கு எப்படி வரும்? மாற்றுங்கள்.

பனித்துளி: முன் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிட்டது.

சூப்பர் க்ளூ ஆவி. கண்ணாடிக்குப் பிவிஏ (வெள்ளைப் பசை) மட்டும். மூடிய பெட்டிக்குள் விமானத்தைக் காய வைத்தாலும் இதே கதி.

புகைவால்: புகைக்கறை எங்கே?

புகைக்குழாய் இருக்கும் வலப்பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் அடிக்காதீர்கள்.

ஆல்ப்ஸ்: பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படைத் தளபதி சோமர்வில் நிஜத்தில் நம்பியது ஆல்பகோர் டார்பிடோ விமானங்களை அல்லவா? அதைச் செய்யக் கூடாதா?

உண்மைதான். இண்டாமிடபிள், ஃபார்மிடபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பல்களின் ஆல்பகோர்கள்தான் அவர் இரவுத் திட்டத்தின் கை. செய்யுங்கள், நல்ல கதை. ஆனால் இங்கே அதற்குப் பதில் கிடைக்காது.

புதுமுகம்: மேல் இறக்கையை ஒட்டிவிட்டேன் சார். இப்போ கம்பிக்கு எந்த நூல் வாங்கட்டும்?

துளை போட்டீர்களா?

புதுமுகம்: இல்லை.

சரி. நூல் வேண்டாம். 0.2 மி.மீ. எஃகுக் கம்பி வாங்குங்கள், கவராயத்தால் ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து அந்த நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் பிவிஏ தொட்டு இடுக்கியால் உள்ளே வையுங்கள். இழுவை இல்லாததால் துளை தேவையில்லை. வெட்டும்போது கால் மி.மீ. குறைவாக வெட்டுங்கள், கூடுதலாக இருந்தால் வளைந்து நிற்கும்.