1746இல் ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் ஏன் அவ்வளவு எளிதாக விழுந்தது?

சுவரைவிடக் கடலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அன்று சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிடும்; ஆளும் சரக்கும் அலையைக் கடப்பது ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசுலா படகுகளில். அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் போர்க்கப்பல்கள் அங்கே நிற்க முடியாது, பம்பாய் போன்ற புகலிடம் தேட வேண்டியதுதான். ஆகவே காவல் என்பது நடமாடும் கப்பற்படையே; கோட்டை, அது திரும்பும்வரை தாக்குப்பிடிக்க மட்டும்.

1746இல் அந்தப் படையே இல்லை. நாகப்பட்டினம் அருகே பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி லா பூர்தொனேயுடன் மோதிய பிறகு ஆங்கிலேயக் கப்பற்படைத் தளபதி பெய்ட்டன் வங்காளத்துக்கு ஒதுங்கிவிட்டார் (மன்னிக்க முடியாத முடிவு என்பேன்). செப்டம்பரில் கோட்டை சரணடைந்தது. அக்டோபர்ப் புயலில் பிரெஞ்சுக் கப்பல்களும் சிதறின. 1759 பிப்ரவரியில் நேர்மாறு: ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னை முற்றுகையைக் கைவிட்டார்.