அப்பாவின் கையில் கார்ச் சாவி

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இன்னும் தானே கார் ஓட்டிக்கொண்டு கும்பகோணம் போய் வருகிறார். இரண்டு மாதத்தில் காரின் இடது பக்கம் மூன்று கீறல். கேட்டால், "நாற்பது வருஷமா ஒரு ஆக்சிடென்ட் இல்ல, எனக்கே சொல்லித் தர்றியா?" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, வலங்கைமான்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா மனசார நம்பித்தான் சொல்கிறார். சிக்கலே அதுதான். 1981இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் ஓட்டும் திறமையில் தாங்கள் மேல்பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள். கணக்கு வாத்தியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். இளசுகளே அப்படி. வயதானவர்களுக்கோ உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் மாறுகிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60இல் போகிறது. நாற்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது எப்படித் தெரியும்? எதிரே வந்த மொபெட்காரர் சமயத்தில் பிரேக் பிடித்ததும் அப்பாவின் கணக்கில் வராது. (வீட்டு கேட் தூணை இரண்டு முறை இடித்துவிட்டு, தூண் கட்டிய கொத்தனாரைத் திட்டியவன் நான்.)

அதனால் "நன்றாக ஓட்டுகிறீர்களா?" என்று கேட்காதீர்கள். எதிர் பஸ் லைட்டை டிம் பண்ணாமல் வந்தால் ரோடு முடிந்து வாய்க்கால் தொடங்கும் இடம் தெரிகிறதா? ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயும்போது ஓரத்தில் வைத்திருக்கும் கல்? பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்? இப்படிக் கேளுங்கள். இருட்டியபின் வண்டி எடுப்பதை அவராகவே குறைத்திருந்தால் நல்ல அறிகுறி.

"லைசென்ஸ் கொடுத்திருக்கானே" என்பார். 55 தாண்டியவர்களுக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும். ஆனால் நேரத்துக்குப் புதுப்பித்தால் யாரும் ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நீங்கள் வேண்டாம், சண்டையில் முடியும். தன் பக்கமும் பிரேக் உள்ள காரோடு டிரைவிங் ஸ்கூல் ஆள் ஒருவர் கடைத்தெருவில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லட்டும்.

அதற்கு முன்னால் கண். மூன்று கீறலும் இடது பக்கம் என்பதை லேசாக விடாதீர்கள். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய், பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்னும். கண்ணாடி பவரோடு நிறுத்தாமல் ஓரப் பார்வையையும் சோதிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் பஸ்ஸில் கூட்டிப்போங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது என்றால், அதற்கு அவரே தலையாட்டுவார்.