பழைய டெக்னிக்ஸா, புதிய டர்ன்டேபிளா?

கேள்வி: அப்பா வாங்கிச் சேர்த்த எல்பி தட்டுகள் 80-க்கு மேல் வீட்டில் இருக்கின்றன. தாத்தா காலத்து 78 தட்டுகளும் (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை) ஒரு பெட்டி நிறைய உண்டு. ஜப்பானிலிருந்து கொண்டுவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) ஒன்றை ஒருவர் விற்கிறார். ஏறத்தாழ அந்த விலைக்கே ஆடியோ-டெக்னிக்காவின் ஏடி-எல்பி120எக்ஸ் புதிதாகக் கிடைக்கிறது. பழையதற்கு எதுவும் ஈடாகாது என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் நண்பர் எம்கே2-வைப் பற்றிச் சொல்வது சரி. ஆனால் உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது வேறு கேள்வி.

எம்கே2-வில் இருப்பது டைரக்ட் டிரைவ், அதாவது மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும் முறை. கோவைக்காரரான உங்களுக்கு அதை வெட் கிரைண்டரை வைத்தே விளக்கிவிடலாம். பெல்ட் கிரைண்டரில் மோட்டார் ஒரு பக்கம் வேகமாக ஓடும். பெல்ட்தான் அந்த வேகத்தைக் குறைத்துப் பாத்திரத்துக்குக் கொடுக்கும். பெல்ட் தளர்ந்தால் மாவு அரைபடாது. பெல்ட் வகை டர்ன்டேபிளில் அதே தளர்ச்சி பாட்டின் சுருதியைக் கெடுக்கும். எஸ்எல்-1200-ல் பெல்ட்டே கிடையாது. சுழல்தட்டின் அடியிலேயே காந்தம் இருக்கிறது. மோட்டாரின் சுழலும் பகுதியே அதுதான். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றினால் மோட்டாரும் அவ்வளவே சுற்றும். தேய்மானம் மிகக் குறைவு.

1972-ல் வந்த எஸ்எல்-1200-ஐக் குவார்ட்ஸ் (சீரான துடிப்பு தரும் படிகம்) கட்டுப்பாட்டுடன் மேம்படுத்தி 1979-ல் எம்கே2-வை வெளியிட்டார்கள். அதன் வேக அலைவு 0.025 சதவீதம். 40 ஆண்டுகள் கழித்து 2019-ல் வந்த எம்கே7-க்கும் அதே நிறுவனம் கொடுக்கும் எண் 0.025-தான். நீங்கள் சொல்லும் எல்பி120எக்ஸ் பார்வைக்கு டெக்னிக்ஸ் போலவே இருக்கும். கட்டுமானத்தில் டெக்னிக்ஸுக்கு ஈடாகாது. எம்கே2-வின் எடை 12.5 கிலோ, இது சுமார் 8 கிலோ. தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது கவலைக்குரிய விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; நமக்கு 230. என்னிடம் பழுதுக்கு வந்த ஒரு எம்கே2-வில் பிளக்கை மட்டும் நம் ஊர் வகைக்கு மாற்றி நேரே செருகியிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் கருகிய வாடை முகத்தில் அடித்தது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, சுற்றியிருந்த காகிதம் கருத்துப்போயிருந்தது. ஒரு நொடி அவசரத்தில் எவ்வளவு அருமையான இயந்திரம் பாழ்! கடைகளில் எளிதாகக் கிடைக்கும், வோல்ட்டைக் குறைக்கும் மாற்றியும் பெரும்பாலும் அமெரிக்கப் பொருள்களுக்கான 110 வோல்ட் வகைதான். நம் மின்சாரம் 230-க்கு மேல் ஏறும்போது அதுவும் ஏறும். 100 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வேறுபாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். குவார்ட்ஸ்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

விற்பவர் வீட்டில் ஓட்டிப் பார்க்க விடுகிறாரா என்று கேளுங்கள். விடாவிட்டால் வாங்காதீர்கள். விட்டால், சுழல்தட்டின் விளிம்பில் இருக்கும் புள்ளி வரிசைகளைச் சிவப்பு விளக்கின் ஒளியில் பாருங்கள். வேகத்தைச் சுழியில் வைத்தால் ஒரு வரிசை அசையாமல் நிற்பதுபோல் தெரிய வேண்டும், நகர்ந்தால் கோளாறு. வேகத்தை மாற்றும் தள்ளுகட்டையைத் தள்ளித் திரும்பக் கொண்டுவந்து மறுபடியும் பாருங்கள். பிறகு டோன்ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) எடையைச் சமன் செய்து அது மிதக்கும்படி விட்டு, விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். தடையின்றி நகர வேண்டும், ஆனால் அச்சில் ஆட்டம் இருக்கக் கூடாது. டிஜேக்களின் கையில் உழைத்த இயந்திரங்களில் பெரும்பாலும் சீர்கெட்டிருப்பது இந்த இடம்தான். கடைசியாக ஒரு கச்சேரித் தட்டைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டுத் தம்புராவை மட்டும் கேளுங்கள். கமகத்தில் வேகக் கோளாறு ஒளிந்துகொள்ளும். தம்புராவின் சுருதியில் ஒளிய முடியாது.

இத்தனையும் தேறினாலும் உங்களுக்கு எம்கே2-வைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், அந்தத் தாத்தா பெட்டி. எம்கே2-வில் 33⅓, 45 இரண்டு வேகங்கள்தான், 78 கிடையாது. எல்பி120எக்ஸில் மூன்றும் உண்டு. போனோ ப்ரீஆம்பும் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலிக்குறியைப் பெருக்கும் சுற்று) உள்ளேயே இருப்பதால் சாதாரண ஆம்ப்ளிஃபயரில் நேரே இணைக்கலாம். எம்கே2-வுக்கு அதைத் தனியாக வாங்க வேண்டும். புதிய எல்பி120எக்ஸுக்கு உத்தரவாதமும் இருக்கும். எம்கே2-வின் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சில்லுகள் இப்போது தயாரிப்பில் இல்லை. ஊரில் அதைத் தெரிந்த பழுதுபார்ப்பவர் இருந்தால்தான் துணிய வேண்டும். பின்னாளில் கையில் பணம் சேர்ந்தால் எம்கே7-ஐப் பாருங்கள். அதில் 78 வேகம் உண்டு.

வாங்கும்போதே 78 தட்டுக்கான ஊசியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எல்பி ஊசியின் நுனி சுமார் 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளம் அகலம், அதற்கு 65 முதல் 76 மைக்ரான் வரை வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் கொடுக்கும். எல்பி120எக்ஸுடன் வரும் விஎம்95 கார்ட்ரிட்ஜில் (ஊசி பொருந்தும் சிறு பாகம்) ஊசியை மட்டும் கழற்றி 78-க்கானதைச் செருகலாம். ஊசி அழுத்தத்தை அதனுடன் வரும் தாளில் உள்ளபடி மாற்றுங்கள்.

அந்தப் பெட்டியைத் திறந்ததும் தட்டுகளைத் துடைக்கத் தோன்றும். ஸ்பிரிட்டைத் தொடவே வேண்டாம். பழைய 78 தட்டுகள் அரக்கால் ஆனவை, அரக்கு அதில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், நடுவிலுள்ள காகித முத்திரை ஈரமாகாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள்.