கட்சியை விடுங்கள், தொகுதியைப் பிடியுங்கள்

கேள்வி: கல்லூரி இதழுக்காக நேபாளத்தின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் உபேந்திர யாதவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். கையில் கிடைத்த ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு கட்சிப் பெயர் இருக்கிறது. ஒன்றில் சுன்சரி உறுப்பினர், இன்னொன்றில் சப்தரி, வேறொன்றில் பாரா. தேர்தல் நடந்த ஆண்டு 2064 என்றுகூட ஒன்றில் போட்டிருக்கிறது. இதெல்லாம் ஒரே ஆள்தானா? எதை வைத்து எழுதுவது?

பதில்: ஒரே ஆள்தான். குறிப்புகளும் அநேகமாகச் சரிதான். நீங்கள் கட்சிப் பெயரை முதுகெலும்பாக வைத்து எழுதப் பார்ப்பதால்தான் குழப்பம். நேபாளத்தின் மாதேசித் தலைவர்களை, அதாவது இந்திய எல்லையை ஒட்டிய தெற்குச் சமவெளி மக்களின் தலைவர்களைப் பொறுத்தவரை கட்சிப் பெயர் என்பது வாடகை வீட்டு முகவரி மாதிரி, அடிக்கடி மாறும். அவர் எந்தத் தொகுதியில் நின்றார் என்பதை ஆண்டுவாரியாக எழுதி, பக்கத்தில் ஒரு நேபாள வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கதை தானாகத் தெரியும்.

முதலில் அந்த 2064-ஐ முடித்துவிடலாம். அது விக்கிரம ஆண்டு. நேபாள அரசு ஆவணங்கள் அந்தக் கணக்கில்தான் இருக்கும். ஏப்ரல் நடுவில் ஆண்டு பிறக்கிறது. அதிலிருந்து டிசம்பர் இறுதிவரை 57-ஐக் கழிக்க வேண்டும், ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுவரை 56-ஐ. 2072 ஆசுவின் 3 என்றால் 2015 செப்டம்பர் 20, இப்போதைய அரசியல் சாசனம் அமலான நாள். 2064 சைத்ர 28 என்றால் 2008 ஏப்ரல் 10, முதல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் நடந்த நாள்.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. அவர்களுடையதும் நம்மைப் போலச் சூரிய மாதம்தான், ஏறக்குறைய அதே நாளில் பிறக்கும். ஆனால் பெயர் ஒரு மாதம் தள்ளி நிற்கும். 'வைசாக்' என்றதும் வைகாசி என்று எழுதத் தோன்றும், அது நம் சித்திரை. 'சைத்ர' சித்திரை அல்ல, பங்குனி. 'மாக' என்பது மாசி அல்ல, தை. பெயரின் ஒலியை நம்பினால் கட்டுரையில் ஒரு மாதப் பிழை விழும்.

சரி, ஆளுக்கு வருவோம்.

உபேந்திர யாதவ் மாவோயிஸ்டுகளோடு இருந்தவர். 2004-ல் டெல்லியில் மாத்ரிகா யாதவ், சுரேஷ் ஆலே மகர் ஆகியோரோடு கைதானார். மற்ற இருவரும் நேபாளத்திடம் ஒப்படைக்கப்பட்டார்கள், இவர் இந்தியாவிலேயே விடுவிக்கப்பட்டார். மாவோயிஸ்டுகளோடு உறவு முறிந்தபின் அவருக்கு மேடையாக இருந்தது மாதேசி ஜன அதிகார் ஃபோரம். அப்போது அது கட்சியே அல்ல, ஓர் அமைப்பு. அதை நாடறியச் செய்தது 2007 ஜனவரி. 15-ஆம் தேதி இடைக்கால அரசியல் சாசனம் வந்தது. அதில் கூட்டாட்சி என்ற பேச்சே இல்லை. மறுநாள் காத்மாண்டுவில் மைதிகர் பகுதியில் அதன் பிரதிகளை எரித்து இவரும் தோழர்களும் கைதானார்கள். 19-ஆம் தேதி லஹானில் நடந்த மோதலில் ரமேஷ் மஹதோ என்ற இளைஞர் மாவோயிஸ்டு ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் தராய்ச் சமவெளி முழுக்கப் பற்றிக்கொண்டது. பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலா இரண்டு முறை நாட்டுக்கு உரையாற்ற வேண்டியிருந்தது. கூட்டாட்சியும், மக்கள்தொகைப்படி தொகுதிப் பங்கீடும் சாசனத்தில் ஏறின.

உங்கள் கட்டுரையில் இந்த மூன்று வாரத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள். பின்னால் வந்த அமைச்சர் பதவிகள் எல்லாவற்றையும் விட அவர் பெயர் வரலாற்றில் நிற்பது இதற்காகத்தான் என்பது என் கணிப்பு. அதே ஆண்டு மார்ச்சில் கௌர் நகரில் ஃபோரம்காரர்களுக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் நடந்த மோதலில் 27 மாவோயிஸ்டுகள் கொல்லப்பட்டதையும் விட்டுவிடாதீர்கள். புகழ்ந்து எழுதும் குறிப்புகளில் அது இருக்காது.

இனி தொகுதிகள். 2008-ல் அவர் மோரங்-5, சுன்சரி-5 இரண்டிலும் நின்று இரண்டிலும் ஜெயித்தார். அதற்குள் கட்சியாகிவிட்ட ஃபோரத்துக்கு 52 இடம், நாட்டில் நான்காவது பெரிய கட்சி. மெச்சி ஆறு முதல் மகாகாளி வரை, அதாவது கிழக்கு எல்லை முதல் மேற்கு எல்லை வரை, சமவெளி முழுவதும் ஒரே மாதேஷ் பிரதேசம் என்பது அப்போதைய முழக்கம். மோரங்கும் சுன்சரியும் கோசி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள மாவட்டங்கள். 2013-ல் சுன்சரி-5 மறுபடி கைகொடுத்தது, ஆனால் கட்சி 10 இடத்துக்கு இறங்கிவிட்டது.

2015 சாசனம் வந்தபோது பிரதேச எல்லை வேறு மாதிரி விழுந்தது. மாதேசிகள் கேட்ட ஜாபா, மோரங், சுன்சரி ஆகியவை கிழக்கில் மலை மாவட்டங்களோடு சேர்க்கப்பட்டன. மேற்குக் கோடியில் கைலாலி, கஞ்சன்பூரும் போயின. நடுவில் எட்டு மாவட்டங்கள் மட்டும் மிஞ்சின, சப்தரி முதல் பர்சா வரை. அதுதான் 2-ஆம் எண் பிரதேசம். 2022 ஜனவரியில்தான் அதற்கு மாதேஷ் என்று பெயர் வைத்து, ஜனக்பூரைத் தலைநகராக்கினார்கள். அந்த எல்லைக் கோட்டை எதிர்த்துத்தான் 2015-ல் பீர்கஞ்ச் எல்லையில் மாதக்கணக்கில் முற்றுகை நடந்தது.

2017 தேர்தலில் யாதவ் எங்கே நின்றார் பாருங்கள்: சப்தரி-2. கோசியைத் தாண்டி மேற்கே, அந்த எட்டு மாவட்டத்துக்குள். எந்த எல்லையை எதிர்த்தாரோ அதற்குள்ளேயே வந்து ஜெயித்தார். அவர் கட்சியின் லால்பாபு ராவுத் 2018 பிப்ரவரியில் அந்தப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் ஆனார். 2022-ல் அதே சப்தரி-2-ல் ஜனமத் கட்சியின் சி.கே. ராவுத் இவரைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான ஓட்டு வாங்கித் தோற்கடித்தார். இந்த சி.கே. ராவுத் ஒரு காலத்தில் மாதேஷுக்குத் தனிநாடே கேட்டவர். அப்புறம் 2023 மார்ச்சில் யாதவின் கட்சிக்காரர் ராம் சகாய் யாதவ் குடியரசுத் துணைத் தலைவரானதால் பாரா-2 காலியானது. ஏப்ரல் இடைத்தேர்தலில் அங்கே நின்று உபேந்திர யாதவ் சபைக்குத் திரும்பினார். இன்னும் மேற்கே.

ஒரு எச்சரிக்கை. 2008, 2013 தேர்தல்களில் நேரடித் தொகுதிகள் 240. 2017 முதல் 165 மட்டுமே. அதனால் சுன்சரி-5 என்ற தொகுதியே இன்று கிடையாது. பழைய எண்ணைப் புதிய வரைபடத்தில் தேடாதீர்கள்.

கட்சிப் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபோரம் 2009-ல் உடைந்தது. விஜய் குமார் கச்சதார் 'லோக்தாந்திரிக்' ஃபோரமாகப் பிரிந்து, மாதவ் குமார் நேபாள் அரசில் துணைப் பிரதமரானார். 2011-ல் ஜெயபிரகாஷ் குப்தா 'கணதாந்திரிக்' ஃபோரம் தொடங்கினார். பெயரில் ஃபோரம் என்று பார்த்ததும் யாதவ் என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 2015-ல் அசோக் ராயின் கட்சியோடு சேர்ந்து சங்கீய சமாஜ்வாதி ஃபோரம், 2019-ல் பாபுராம் பட்டராயோடு சேர்ந்து சமாஜ்வாதி கட்சி, 2020 ஏப்ரலில் ராஷ்ட்ரிய ஜனதா கட்சியோடு சேர்ந்து ஜனதா சமாஜ்வாதி.

இந்த 2020 இணைப்பு ராத்திரியோடு ராத்திரியாக நடந்தது. கட்சி உடைய வேண்டுமென்றால் நாடாளுமன்றக் குழுவிலும் மத்தியக் குழுவிலும் 40 சதவீத ஆதரவு வேண்டும் என்பது அப்போதைய சட்டம். இரண்டில் ஏதாவது ஒன்றில் இருந்தால் போதும் என்று பிரதமர் கே.பி. ஒலியின் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தங்கள் கட்சி உடைக்கப்படும் என்று பயந்தவர்கள் ஒன்றாகிவிட்டார்கள். அவசரச் சட்டம் சில நாளில் வாபஸ், இணைப்பு மட்டும் நின்றது. ஆக, ஒரு கட்சிப் பெயர் மாறும்போதெல்லாம் கொள்கையைத் தேடுவதற்கு முன் அந்த வாரம் என்ன சட்டம் வந்தது என்று பாருங்கள். 2021-ல் வரம்பை 20 சதவீதமாகக் குறைத்து பிரதமர் தேவுபாவின் அரசு இன்னொரு அவசரச் சட்டம் போட்டபோது, ராஷ்ட்ரிய ஜனதாவிலிருந்து வந்த மஹந்த தாக்கூர் தரப்பு தனியே போனது.

பதவிகளில் கவனிக்க வேண்டியது பிரதமர் யார் என்பதை. 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே வரை பிரசண்டாவிடம் வெளியுறவு அமைச்சர். 2011-ல் சில மாதம் ஜலநாத் கனால் அரசில் துணைப் பிரதமரும் வெளியுறவும். 2018 ஜூனில் ஒலி அரசில் துணைப் பிரதமரும் சுகாதாரமும். 2019 நவம்பரில் அவரைச் சட்டத் துறைக்கு மாற்றினார்கள், டிசம்பரில் வெளியேறினார். சாசனத் திருத்தம் நடக்கவில்லை என்பது அவர் தரப்பு. 2024 மார்ச்சில் மறுபடி பிரசண்டாவிடம் துணைப் பிரதமர், சுகாதாரம். மே மாதம் அசோக் ராய் கட்சியின் 12 நாடாளுமன்ற உறுப்பினர்களில் 7 பேரோடு பிரிந்தார், ஒரு வாரத்தில் யாதவ் ராஜினாமா. பிரசண்டாவும் புஷ்ப கமல் தாஹாலும் ஒருவரே, இரண்டு ஆளாக எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று, வெறுமனே 'முன்னாள் அமைச்சர்' என்று எழுதாதீர்கள். 2018 முதல் ஏழு பிரதேசங்களிலும் தனித்தனி அமைச்சரவை இருக்கிறது. காத்மாண்டு அமைச்சரா, ஜனக்பூர் அமைச்சரா என்று சொல்லியாக வேண்டும். யாதவ் வகித்தவை எல்லாம் காத்மாண்டுப் பதவிகள். லால்பாபு ராவுத்தைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதினால் அவருக்கு ஜனக்பூர் என்று போடுங்கள்.