வெள்ளி மை

பெருமதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய ஆசிரியப் பெருந்தகை அவர்களின் சமூகத்திற்கு,

நம் பர்மா அரசுப் பத்திரிகையில் தினமும் யாராவது ஒரு அதிகாரி எங்காவது பார்வையிட்டு ‘தேவையான அறிவுரைகளை வழங்கினார்’ என்று வருகிறது. என்ன அறிவுரை என்று மட்டும் வருவதில்லை. இப்படிக் குனிவது பயத்தாலா, பழக்கத்தாலா? தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் தேவலையா? என் மகள் பத்திரிகைத் தொழிலுக்குத்தான் போவேன் என்கிறாள். என்ன சொல்லட்டும்?

தங்கள் தாழ்மையுள்ள வாசகன், மோல்மேன் நகர்

அன்புள்ள தம்பி,

குனிவதைப் பற்றிக் கேட்கிற கடிதத்தை இப்படியா ஆரம்பிப்பது? முதல் வரியைத் தாண்டுவதற்குள் என் டீ ஆறிவிட்டது. இனி ‘அண்ணே’ போதும். தமிழ்நாட்டை விடுங்கள், அங்கே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ரங்கூனில் என் சிறுவயதில், தணிக்கையில் சிக்கிய பத்திகள்மேல் கறுப்போ வெள்ளியோ மை பூசித்தான் பர்மியப் பத்திரிகைகள் கடைக்கு வரும். சிலசமயம் பக்கமே கிழிந்திருக்கும். கறுப்பை ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளியைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துத் தடம் தெரியும். ஒருநாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நானும் தங்கையும் அரைமணி நேரம் மல்லுக்கட்டி ஒரு வரியைப் பிடித்தோம்: ‘அன்றிரவும் கரண்ட் இல்லை.’ எங்கள் வீட்டிலும்தான் இல்லை!

2012 ஆகஸ்ட் 20இல், வெளியிடும் முன்பே அரசிடம் காட்ட வேண்டிய முன்தணிக்கை போனது. மறுவருடம் ஏப்ரலில் தனியார் தினசரிகள் வந்தன. ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபின், 2021 மார்ச் 8இல் ஒரே நாளில் ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமம் ரத்து. இந்த ஊரில் பயந்து குனிகிறவனை நான் வைய மாட்டேன். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. பயப்பட ஒன்றுமே இல்லாத இடத்திலும் குனிகிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

என்னையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கோயில் திருவிழா அறிக்கையை எழுதச் சொன்னார்கள். அன்னதானத்தில் சோறு பற்றவில்லை. வெயிலில் நின்ற கடைசி முப்பது நாற்பது பேர் வெறும் தட்டோடு திரும்பினார்கள். முன்வரிசை விருந்தாளிகளுக்கு இரண்டாம் முறை பாயசம் போனதையும் பார்த்தேன். நான் எழுதியது: ‘தலைவர் அவர்களின் பொற்கரங்களால் அனைவருக்கும் அன்னம் வழங்கப்பட்டது.’ தலைவர் அப்படி எழுதச் சொல்லவில்லை. பாவம், அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். வெள்ளி மையை நானே பூசிக்கொண்டேன்.

மறுவாரம் எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி மறித்தாள். எழுத்துக்கூட்டத் தெரியாதவள், பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான். “ஏண்டா, நான் அன்னிக்குச் சாப்பிட்டேனாமே?”

உங்கள் மகளா? பொங்கலுக்கு இங்கே வரும்போது கூட்டி வாருங்கள். அந்த வரிசையின் கடைசியில் நிற்கச் சொல்கிறேன்.